சீசன் இல்லாத நாளில், தனியாளாகப் பிள்ளைகளோடு கடற்கரைக்கு: வேலூரிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

வேலூர்ப் பக்கம் இந்த நிலைமை புதிதல்ல. வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருப்பார், இல்லை வளைகுடாவில் இருப்பார். சில வீடுகளில் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி, லீவு ஒத்துவராது. பிள்ளைகளோ கடலைப் பார்க்க வேண்டும் என்று நச்சரிப்பார்கள். பெரியவர் ஒருவர் மட்டும், பன்னிரண்டு வயதுக்குள் ஒன்றிரண்டு பிள்ளைகள், இரண்டு இரவு, கையைக் கடிக்காத செலவு. கீழே உள்ளதெல்லாம் இந்தக் கணக்குக்குத்தான்.

முதல்முறை கிளம்புகிறவர்கள் "நல்ல ரூம் எங்கே கிடைக்கும்?" என்றே ஆரம்பிக்கிறார்கள். ரூம் நான்காவது கேள்வி. தேதி, ஊர், வழி மூன்றும் முடிவானால்தான் ரூமின் விலைக்கே அர்த்தம் வரும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேதியைச் சரியாகப் பிடித்தால் பணம் மிச்சமாகும். அந்த மிச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் மலிவான ரூமைத் தேடாதீர்கள். கடலுக்குப் பக்கத்தில், கீழ்த்தளத்தில் ஒரு ரூமுக்கு அதைக் கொடுங்கள். கூட ஓர் ஆள் இல்லாதபோது நடக்கிற தூரம்தான் ஆளை அடித்துப்போடும்.

1. தேதியைக் குறியுங்கள்

நம் கிழக்குக் கடற்கரையில் கூட்டமும் விலையும் ஏறுகிற காலங்கள் தெரிந்தவைதான். டிசம்பர் கடைசி முதல் பொங்கல் வரை, கோடை விடுமுறை, காலாண்டு விடுமுறை. காணும் பொங்கலன்று கடற்கரைப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம். மாமல்லபுரத்தில் மாசி மகத்துக்கு இருளர் மக்கள் கடற்கரையில் கூடுவார்கள். பார்க்க வேண்டியதுதான், ஆனால் இரண்டு பிள்ளைகளை ஒற்றையாளாகப் பிடித்துக்கொண்டு அல்ல.

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை விலை நன்றாகவே இறங்கும். இறங்குவதற்குக் காரணம் வடகிழக்குப் பருவமழை. காற்றழுத்தத் தாழ்வு வந்தால் இரண்டு நாளும் ரூமுக்குள் அடைந்து கிடக்க வேண்டியதுதான். மலிவு என்று இந்த மாதங்களில் முன்பணம் கட்டுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்கிற தவறு.

மீதி இருப்பது ஜூலை முதல் செப்டம்பர் நடுவரை. இதில் நான் சொல்வது ஆடி மாதம். ஆடியில் கல்யாணம் இல்லை. அதனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முகூர்த்தத்துக்கு மொத்தமாக ரூம் எடுக்கிற கூட்டம் இருக்காது, வெளியூர்ப் பேருந்திலும் நெரிசல் குறையும். பகலில் வெயில் இருக்கும். மாலையில் சில நாள் இடியோடு மழை வந்து ஒரு மணி நேரத்தில் விடும். நம் ஊர் வெயிலுக்குப் பழகிய பிள்ளைகளுக்கு அது ஒன்றும் பெரிதல்ல.

ஆடியிலும் தள்ளிவைக்க வேண்டிய நாள்கள் உண்டு. ஆடிக் கிருத்திகையன்று வேலூர், ராணிப்பேட்டை, திருத்தணிப் பக்கம் காவடிக் கூட்டத்தில் பேருந்து நிரம்பி வழியும். ஆடிப்பூரத்தை ஒட்டி மேல்மருவத்தூர்ப் பக்கத்துச் சாலையும் ரயிலும் நிறையும். திருவண்ணாமலை வழியாகப் புதுச்சேரி போகிற எண்ணம் இருந்தால் பௌர்ணமியைக் கண்டிப்பாகத் தவிருங்கள். கிரிவலக் கூட்டத்தில் பிள்ளைகளோடு சீட்டுப் பிடிப்பது நடக்காத காரியம். தினசரிக் காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி மேசையில் வைத்துக்கொண்டு தேதி பாருங்கள். விலை காட்டுகிற எந்தச் செயலியிலும் கிருத்திகை இருக்காது.

வாரத்தில் எந்த நாள்? வெள்ளி, சனி இரவுகளில்தான் விலை ஏறும். அதனால் ஞாயிறு காலை கிளம்பி ஞாயிறு, திங்கள் இரண்டு இரவு தங்கி, செவ்வாய் திரும்புவது நல்லது. ஞாயிறு சாயங்காலம் சென்னைக் கூட்டம் காலி செய்யும். திங்கள் காலை கடற்கரை உங்களுக்கு. பள்ளிக்கு இரண்டு நாள் லீவு லெட்டர் எழுத வேண்டியிருக்கும். ஜூலை, ஆகஸ்டில் பெரிய பரீட்சை இல்லாததால் அது சமாளிக்கக்கூடியதே. யூனிட் டெஸ்ட் தேதியை மட்டும் டைரியில் பார்த்துவிடுங்கள்.

2. ஊரை முடிவு செய்யுங்கள்

வேலூரிலிருந்து ஒரே பகலில் அலுங்காமல் சேரக்கூடிய ஊர்கள் மூன்று. அதற்கு மேல் தரங்கம்பாடி, இராமேஸ்வரம் என்று ஆசைப்பட்டால் பயணத்திலேயே ஒரு நாள் போய்விடும்.

முதல்முறை என்றால் மாமல்லபுரம். ஊர் சின்னது. பேருந்து நிலையம், சாப்பாட்டுக் கடை, மருந்துக் கடை, கடல் எல்லாம் நடக்கிற தூரத்தில். ஒத்தவாடைத் தெருவிலும் அதைச் சுற்றியும் சிறிய தங்கும் விடுதிகள் வரிசையாக இருப்பதால் ஒன்று சரியில்லை என்றால் அடுத்தது பார்க்கலாம். கடலைத் தவிரப் பிள்ளைகளுக்குப் பொழுதுபோக வேறு இடமும் உண்டு: அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் சேர்த்து ஒரே சீட்டு, 15 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் கோயிலை ஒட்டிய கடல் குளிக்க ஏற்றதல்ல. அங்கே கால் நனைப்பதோடு சரி.

குளிப்பதுதான் முக்கியம் என்றால் கோவளம். கேரளத்துக் கோவளம் இல்லை, மாமல்லபுரத்துக்கும் சென்னைக்கும் நடுவில் இருப்பது. அங்கே ஒரு பகுதிக்கு 2021-ல் நீலக் கொடிச் சான்று (சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைக்குத் தரும் சர்வதேசச் சான்று) கிடைத்தது. குளிப்பதற்கென்று குறித்த இடம், உயிர்காப்பாளர்கள், உடை மாற்றும் அறை, நல்ல தண்ணீர்க் குளியல் எல்லாம் அந்தச் சான்றுக்காகவே அமைத்தவை. தங்குவதற்கு மலிவான இடம் மாமல்லபுரத்தை விடக் குறைவு. அதனால் மாமல்லபுரத்தில் தங்கி, ஒரு காலை மட்டும் பேருந்தில் கோவளம் போய் வருவதே தனியாளுக்குச் சுலபம்.

மூன்றாவது புதுச்சேரி. வார நாளில் போனால் நல்ல ஊர். வார இறுதியில் பைக்கும் பாட்டிலுமாக இருக்கும். ஊருக்குள் இருக்கிற கடற்கரைச் சாலை கருங்கல் போட்ட கரை, அங்கே இறங்கிக் குளிக்க முடியாது. சாயங்காலம் வண்டிகளை நிறுத்திவிடுவதால் பிள்ளைகள் ஓடி விளையாடலாம், அவ்வளவுதான். மணலில் விளையாட ஆட்டோ பிடித்து வெளியே போக வேண்டும். ஆட்டோச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் "புதுச்சேரியில் ரூம் மலிவு" என்று கிளம்புகிறவர்கள் நிறையப் பேர்.

மாமல்லபுரத்திலிருந்து கோவளம் போகிற வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணை உண்டு. திங்கட்கிழமை விடுமுறை. முட்டுக்காட்டுப் பக்கம் தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய் விடுமுறை. ஞாயிறு, திங்கள் திட்டத்தில் முதலையைப் பார்க்க ஞாயிறு மதியம் அல்லது திரும்பும் செவ்வாய்தான். பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்கும் முன் இதை யோசித்துவிடுங்கள்.

3. வழியும் வண்டியும்

மாமல்லபுரத்துக்கு: வேலூரிலிருந்து காஞ்சிபுரம், அங்கிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். காஞ்சிபுரத்தில் நேர் பேருந்து கிடைத்தால் ஒரு மாற்றம். கிடைக்காவிட்டால் செங்கல்பட்டில் இன்னொரு மாற்றம். சென்னை போய்ச் சுற்றி வருவது வேண்டாம். தூரம் கூடுவது ஒருபக்கம், பெரிய பேருந்து நிலையத்தில் பையையும் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஓடுவதே அரை நாள் தெம்பைத் தின்றுவிடும்.

புதுச்சேரிக்கு: ஆரணி, வந்தவாசி, திண்டிவனம் வழி ஒன்று, போளூர், திருவண்ணாமலை, செஞ்சி வழி ஒன்று. நேர் பேருந்து இருக்கிற நேரத்தை முந்தின நாளே பேருந்து நிலையத்து நேரக் காப்பாளரிடம் கேட்டு எழுதி வாருங்கள். இணையத்தில் இருக்கிற நேரப் பட்டியலில் பாதி பழையது.

மாறும் இடத்தை ஓய்விடமாக நினையுங்கள். காஞ்சிபுரத்தில் இறங்கியதும் அடுத்த வண்டியைத் தேடாமல், முதலில் கழிவறை, அப்புறம் தண்ணீர், அப்புறம் வண்டி. பிள்ளை "இல்லை, வரவில்லை" என்று சொன்னாலும் கழிவறைக்கு அழைத்துப் போங்கள். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அவசரம் என்பார்கள். பேருந்தை நிறுத்தி இறங்கினால் மீதிப் பிள்ளையும் பைகளும் உங்களோடு இறங்க வேண்டும்.

டிக்கெட்: அரசுப் பேருந்தில் 5 வயது வரை டிக்கெட் இல்லை, 12 வரை அரை டிக்கெட். மகளிர் இலவசம் சாதாரண நகரப் பேருந்தில் மட்டும்தான்; வேலூர் - காஞ்சிபுரம் வெளியூர் வண்டிக்குக் கிடையாது. சின்னப் பிள்ளைக்கு டிக்கெட் இல்லை என்றால் சீட்டும் இல்லை என்றாகிவிடும். இரண்டு மணி நேரம் மடியில் வைத்திருக்க முடியாத வயது என்றால் அரை டிக்கெட் எடுத்து உட்கார வையுங்கள். நடத்துநர்கள் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

4. ரூமுக்குப் போன் போடுவது

செயலியில் ரூமைப் பாருங்கள், படத்தைப் பாருங்கள், விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு விடுதிக்கே போன் போடுங்கள். சீசன் இல்லாத நாளில் நேரில் பேசினால் விலை இறங்குவது ஒரு காரணம். நான் முக்கியமாக நினைப்பது மற்றது: போனில் பேசுகிற குரலிலேயே அந்த இடம் எப்படி என்று பாதி தெரிந்துவிடும்.

பேச்சு இப்படிப் போனால் நல்லது:

"அண்ணா, வேலூர்லருந்து பேசறேன். ஞாயிறு, திங்கள் ரெண்டு நைட்டு. நானும் ரெண்டு பசங்களும்தான். கீழ ரூம் இருக்குதா?"

"இருக்குதும்மா. ஏசியா, நான் ஏசியா?"

"நான் ஏசி போதும். ஜன்னலுக்கு வலை அடிச்சிருக்குதா?"

"அடிச்சிருக்குது."

"காலி பண்றது இருபத்திநாலு மணி நேரக் கணக்கா, பகல் பன்னெண்டா?"

"பன்னெண்டும்மா. யாரும் வரலைன்னா ஒரு மணி நேரம் பாத்துக்கலாம்."

"சரிண்ணா. வரி, எக்ஸ்ட்ரா பெட்டு எல்லாம் சேத்து மொத்தம் எவ்ளோன்னு சொல்லிடுங்க."

அந்தக் கடைசிக் கேள்விதான் பணத்தைக் காப்பாற்றுவது. "ரூம் ஆயிரத்து இருநூறு" என்று கேட்டு வந்தவருக்கு வரி, கூடுதல் மெத்தை, மாலை வரை இருந்ததற்கு அரை நாள் வாடகை என்று ஒவ்வொன்றாக ஏறும். மொத்தத்தைக் கேட்டு, அதையே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். இரவுக்கு 1,500 ரூபாய்க்குள் என்று தேடத் தொடங்குங்கள். இடம் பக்கத்தில் என்றால் கொஞ்சம் ஏறலாம்.

கீழ்த்தளம் ஏன்? மாடி ரூம் என்றால் பால்கனி இருக்கும், படிக்கட்டு இருக்கும். கடலிலிருந்து தூங்கிப்போன சின்னவனைத் தோளில் போட்டு, ஈரத் துணிப் பையோடு மாடி ஏறும்போது பெரியவளின் கையைப் பிடிக்க உங்களிடம் மூன்றாவது கை இல்லை. கடலைப் பார்த்த ரூம் வேண்டவே வேண்டாம். அதற்குத்தான் விலையே. தெருவுக்குள் இரண்டு கட்டடம் தள்ளி இருந்தாலும் அலைச் சத்தம் கேட்கும்.

இன்னும் கேட்க வேண்டியவை: வளாகத்தில் திறந்த கிணறு, மூடாத தண்ணீர்த் தொட்டி, வேலியில்லாத நீச்சல் குளம் உண்டா? கரண்ட் போனால் ஃபேன் ஓடுமா? குளிக்கிற தண்ணீர் உப்பா? இரவில் கேட்டைப் பூட்டுவார்களா, ஆள் இருப்பாரா? பக்கத்தில் பார் இருக்கிறதா? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். கேட்டதும் நேராகப் பதில் சொல்கிறவர் நல்லவர்.

"நானும் பிள்ளைகளும்தான்" என்று சொல்லலாமா என்று பெண்கள் கேட்கிறார்கள். சொல்லுங்கள் என்பேன். அதைக் கேட்டு "ஏன் தனியா? அவர் வரலையா?" என்று தேவையில்லாமல் தோண்டுகிற இடத்தை அந்த போனிலேயே விட்டுவிடலாம். போய்ச் சேர்ந்தபின் தெரிவதை விட அது மேல். பெண்பிள்ளைகளோடு தனியாகப் போகும் அப்பாக்களுக்கு வரவேற்பறையில் கேள்வி அதிகம் வரும். கோபப்பட வேண்டாம், கேட்பது நல்லதற்குத்தான். பிள்ளைகளின் ஆதார் நகல், பள்ளி அடையாள அட்டை, அம்மாவின் போன் எண் கையில் இருந்தால் இரண்டு நிமிடத்தில் முடியும்.

முன்பணம் ஒரு இரவு வாடகையைத் தாண்ட வேண்டாம். மழை, காய்ச்சல் என்றால் தேதி மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். பணத்தைத் திருப்பித் தருவோம் என்பவரை விட, தேதி மாற்றித் தருகிறேன் என்பவரின் பேச்சு நிற்கும்.

5. பணத்தைப் பிரிப்பது

மொத்தத்தில் ஏறக்குறைய பாதி ரூமுக்கு, கால் பங்கு சாப்பாட்டுக்கு, மீதியில் பயணமும் நுழைவுச் சீட்டும். இதற்கு வெளியே ஒரு தொகையைத் தொடாமல் தனியாக வையுங்கள்: மாமல்லபுரத்திலிருந்து வேலூருக்கு ஒரு வாடகைக் காருக்கு ஆகும் பணம். பிள்ளைக்கு நடுராத்திரி காய்ச்சல் என்றால் பேருந்துக்காகக் காத்திருக்க முடியாது. இந்தப் பணம் இல்லாவிட்டால் ஒரு மாதம் தள்ளிப் போங்கள்.

கொஞ்சம் ரொக்கம் சில்லறையாக இருக்கட்டும். கரையில் நெட்வொர்க் தேடி ஃபோனைத் தூக்கிப் பிடித்து நிற்கிற நேரத்தில் பிள்ளை எங்கே என்று பார்க்க மாட்டீர்கள்.

6. பை

ஒரு முதுகுப் பை, ஒரு தோள் பை. இழுக்கிற பெட்டி வேண்டாம். இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. பெரிய பிள்ளைக்குத் தன் துணியைத் தானே சுமக்கிற அளவில் ஒரு சின்னப் பை.

குளிக்கிற சட்டை ஆரஞ்சு, அடர் மஞ்சள், பளிச்சென்ற பச்சை இவற்றில் ஒன்று. நீலமும் வெள்ளையும் சாம்பலும் தண்ணீரில் தெரியவே தெரியாது. நுரைக்கு நடுவில் வெள்ளைச் சட்டைப் பிள்ளையைத் தேடுவது எப்படி என்று ஒருமுறை பார்த்தால் போதும். இதற்காகப் புதிதாக வாங்க வேண்டாம். பள்ளி விளையாட்டு நாளுக்கு எடுத்த ஹவுஸ் டீ-சர்ட் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருந்தால் அதுவே போதும்.

இவையும்: பழைய நூல் புடவை ஒன்று (நிழலுக்கு, விரிப்புக்கு, துடைக்க), ஓஆர்எஸ் பாக்கெட், காய்ச்சல் மருந்து, பிளாஸ்டர், ஆளுக்கு ஒரு விசில், செருப்பு, இரண்டு பெரிய பிளாஸ்டிக் பை, துணி காயவைக்கக் கயிறு. மதிய மணல் உள்ளங்காலைச் சுட்டுவிடும், செருப்பில்லாமல் ஒரு அடி வைக்க முடியாது. உங்கள் போன் எண்ணைப் பிள்ளையின் முன்கையில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி, மேலே ஒளி ஊடுருவும் டேப் ஒட்டுங்கள். தண்ணீரில் அழியாது.

காற்றடிக்கும் ட்யூபை எடுத்துப் போக வேண்டாம். ஏன் என்று எட்டாவது பகுதியில்.

7. கிளம்பும் நாள்

காலை ஏழு மணிக்குள் வேலூரை விட்டால் மதியம் ரூம். பகல் மூன்றுக்கு மேல் போய்ச் சேராதீர்கள். ரூம் சரியில்லை என்றால் வேறு தேட வெளிச்சம் வேண்டும். பிள்ளைகளோடு இருட்டில் ரூம் தேடுகிறவர் கேட்ட விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

வழிக்கு இட்லி, எண்ணெயில் குழைத்த பொடி தடவியது. புளிச்சோறும் தாங்கும். தேங்காய்ச் சட்னியும் தயிர்ச்சோறும் காஞ்சிபுரம் வருவதற்குள் புளித்துவிடும்.

பணம் கொடுக்கும் முன் ரூமில் இவற்றைப் பாருங்கள்: கதவின் உள்தாழ்ப்பாள் இறுக்கமாக விழுகிறதா, குளியலறைத் தாழ்ப்பாளைப் பிள்ளை உள்ளே போட்டுக்கொண்டால் வெளியிலிருந்து திறக்க வழி உண்டா, தொங்கும் ஒயர், தண்ணீர் வருகிறதா, தரை வழுக்குகிறதா. குளியலறைத் தாழ்ப்பாள் பிள்ளைக்கு எட்டும் என்றால் அதன் மேல் துணியைச் சுற்றிக் கட்டிவிடுங்கள்.

8. தண்ணீரில்

போனதும் கடலில் இறக்காதீர்கள். முதல் முறை உடை மாற்றாமல், வெறுங்கையோடு போய்ப் பாருங்கள். கரையில் மீனவர்கள் வலை சீர் செய்துகொண்டிருப்பார்கள். "இங்க பசங்க கால் நனைக்கலாமாண்ணா? எந்தப் பக்கம் இழுக்கும்?" என்று கேளுங்கள். படகெல்லாம் மேலே ஏறி, ஒருவரும் கடலுக்குப் போகவில்லை என்றால் நீங்களும் இறங்க வேண்டாம். கிளம்பும் முன்னும் தினமும் காலையிலும் வானிலைச் செய்தி பாருங்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் மையம் பேரலை, கள்ளக்கடல் எச்சரிக்கை கொடுக்கும். கள்ளக்கடல் என்பது உள்ளூரில் காற்றும் மழையும் இல்லாமலே தொலைவிலிருந்து வரும் அலை எழுச்சி. வானம் தெளிவாக இருக்கிறதே என்று அதை ஒதுக்கக் கூடாது.

நம் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் வயல் கிணற்றில் நீச்சல் பழகியிருப்பார்கள். அதுதான் இன்னும் பயம். கிணற்றுத் தண்ணீர் நிற்கும். கடல் தண்ணீர் காலுக்கடியில் மண்ணைச் சேர்த்து இழுக்கும். நீச்சல் தெரிந்தவன் என்பதற்காக எந்தச் சலுகையும் கிடையாது.

இடம் தேர்ந்தெடுப்பதில் எல்லோரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். இரண்டு பக்கமும் அலை உடைந்து வெள்ளையாக வரும். நடுவில் ஓரிடம் மட்டும் அலையில்லாமல் அமைதியாகத் தெரியும். பிள்ளைகளுக்கு ஏற்ற இடம் என்று அங்கே இறக்குவார்கள். கரையேறிய தண்ணீர் கடலுக்குத் திரும்பிப் போகிற வாய்க்கால் பெரும்பாலும் அதுதான். அங்கேதான் இழுவை. சின்ன அலைகள் ஒழுங்காக உடைகிற, சரிவு குறைந்த இடமே மேல்.

ஆடியில் காலை நேரத்தில் காற்று மேற்கிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும். கடற்காற்று திரும்புவது பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான். ட்யூபில் உட்கார்ந்த பிள்ளையை அந்தக் காற்று சத்தமில்லாமல் உள்ளே தள்ளிப் போகும். பந்தும் அப்படித்தான். பந்து போனால் போகட்டும், யாரும் பின்னால் போகக் கூடாது என்று ரூமிலேயே சொல்லிக் கூட்டி வாருங்கள்.

ஆழம்: இருப்பதிலேயே சின்னப் பிள்ளையின் முழங்கால். அந்த அளவு எல்லோருக்கும். பெரியவன் முனகுவான், முனகட்டும். அவனை இடுப்பளவுக்கு விட்டால் உங்கள் கண் இரண்டாகப் பிரிய வேண்டும். இரண்டு பிள்ளை என்றால் ஒரு கைக்கு ஒருவர். மூன்று என்றால் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். அலை வந்து தொட்டுப் போகிற ஈரமணலில் உட்கார்ந்து வீடு கட்டட்டும். உண்மையைச் சொன்னால் சின்னவர்களுக்கு அதுதான் பிடிக்கும்.

எல்லையைக் கண்ணால் காட்டுங்கள். இந்த நீலப் படகிலிருந்து அந்தச் சிவப்புப் படகு வரை. நீரோட்டம் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே இருக்கும், பிள்ளைக்குத் தெரியாது. விசில் ஒருமுறை என்றால் திரும்பிப் பார், இருமுறை என்றால் வெளியே வா. கழிவறை, தண்ணீர், மாங்காய்த் துண்டு எதுவானாலும் ஒருவர் போனால் எல்லோரும் போவது. "இரு, அக்கா பார்த்துக்கொள்வாள்" என்பது ஒன்பது வயதுப் பெண்ணிடம் ஒப்படைக்கிற வேலை அல்ல.

நேரம்: காலை ஆறு முதல் எட்டரை, மாலை நாலரை முதல் ஆறு. கிழக்குக் கரையில் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் ஊருக்குள் இறங்கும். கடல் பக்கம் சீக்கிரமே மங்கிவிடும். இடி கேட்டதும் மணலை விட்டு எழுந்துவிடுங்கள். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கடல் வழக்கத்தை விட மேலே ஏறும், பையையும் செருப்பையும் தள்ளி வையுங்கள். ஃபோன் பைக்குள். தண்ணீரில் இருக்கும்போது படம் எடுப்பதில்லை.

பிள்ளையை இழுத்துவிட்டால் முதலில் கத்துங்கள், விசில் ஊதுங்கள், மிதக்கக்கூடியதை எறியுங்கள். காலிக் கேன் போதும். நீங்கள் பாய்ந்தால் கரையில் இன்னொரு பிள்ளை தனியாக நிற்கும், அதுவும் பின்னால் வரும். மீனவர்களுக்குக் குரல் கேட்டாலே போதும். நீங்களே மாட்டினால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுவை விட்ட இடத்தில் கரையேறுங்கள். கடலோரக் காவல் 1093, ஆம்புலன்ஸ் 108. இரண்டையும் ஃபோனில் முன்பே பதிந்து வையுங்கள்.

ஜெல்லி மீன் பட்டால் மணல் போட்டுத் தேய்க்க வேண்டாம், நல்ல தண்ணீரும் ஊற்ற வேண்டாம். கடல் தண்ணீராலேயே கழுவி, ஒட்டியிருப்பதை ஒரு அட்டையின் விளிம்பால் தள்ளிவிடுங்கள். மூச்சுத் திணறினாலோ வீக்கம் பரவினாலோ உடனே ஆஸ்பத்திரி.

9. சாப்பாடு

கடலைப் பார்த்த கடையில் ஒரு வேளைக்கு மேல் வேண்டாம். பேருந்து நிலையப் பக்கத்து மெஸ்ஸில் அளவுச் சாப்பாடு பாதி விலையில் முடியும், காரமும் குறைத்துத் தரச் சொல்லலாம்.

மீன் என்றால், விசைப் படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் தடை. அப்போது விலை ஏறிக் கிடக்கும். ஆடியில் வரத்து இருக்கும். தட்டில் அடுக்கி வைத்த மீனைக் காட்டி "இது எவ்வளவு, பொரித்துத் தருவதோடு சேர்த்து?" என்று கேட்டு, தொகை முடிந்தபிறகே எண்ணெயில் போடச் சொல்லுங்கள். வஞ்சிரம் பிள்ளைகளுக்கு முள் தொல்லை இல்லை, விலை அதிகம். நெத்திலி வறுவல் மலிவு, மிச்சமும் இருக்காது.

10. ரூமுக்குள்

நீங்கள் குளிக்கும் நேரம்தான் தனியாளின் பெரிய ஓட்டை. வெளிக்கதவை உள்ளே பூட்டி, சாவியைக் குளியலறைக்குள் எடுத்துப் போங்கள். பிள்ளைகள் சாப்பிட உட்கார்ந்ததும் அல்லது தூங்கியதும் குளிப்பது நல்லது. யார் கதவைத் தட்டினாலும், அம்மா பெயரையே சொன்னாலும், திறக்கக் கூடாது என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கட்டும். வாளியில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுத் தூங்காதீர்கள்.

இரவு ஊரில் இருக்கும் ஒருவருக்கு, பெரியம்மாவோ தம்பியோ, ரூம் எண்ணும் விடுதி எண்ணும் அனுப்பிவிட்டு, தினமும் காலை ஒன்பது மணிக்கு ஒரு மெசேஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெசேஜ் வராவிட்டால் அவர் விடுதிக்குப் போன் போட வேண்டும். வெறுமனே "போய்ட்டு வரேன்" என்று சொல்லிப் போவதால் யாருக்கும் பயனில்லை.

11. திரும்பும் நாள்

செவ்வாய் காலை கடலுக்கு ஆறு மணிக்கே போய் எட்டுக்கு வந்துவிடுங்கள். உப்பு போகக் குளித்து, ஈரத் துணியைத் தனிப் பிளாஸ்டிக் பையில் கட்டி, பத்தரைக்குள் ரூமைக் காலி செய்யுங்கள். பன்னிரண்டு வரை இழுத்தால் மதிய வெயிலில் பேருந்து நிலையத்தில் நிற்க வேண்டிவரும். காலி செய்யும் முன் கட்டிலுக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள், ஒரு செருப்பாவது அங்கே இருக்கும்.

முதலைப் பண்ணை பாக்கி இருந்தால் பையை விடுதி வரவேற்பறையில் வைத்துவிட்டுப் போய் வரலாம். ஒரு மணிக்குள் மாமல்லபுரத்தை விட்டால் காஞ்சிபுரத்தில் அலுவலகம் விடுகிற நெரிசலுக்கு முன்பே வேலூர் வண்டியில் உட்கார இடம் கிடைக்கும். பிள்ளைகள் இருவரும் காவேரிப்பாக்கம் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார்கள். அதனால் உங்கள் நிறுத்தத்துக்கு முந்தின நிறுத்தத்திலேயே எழுப்பத் தொடங்குங்கள்.